முப்பத்தொரு வீதம்

மின்சாரப் பட்டியலின் பின்பக்கம்
ஏ-ஒன்பது வீதியை நேர்கோடாய்க் கீறினேன்.
மேலே கொக்குவில், நூறு.
கொடிகாமத்தில் எழுபத்தைந்து.
கிளிநொச்சியில் முப்பத்தைந்து,
அதுவும் ஏசி போடாவிட்டால்.
ஆனையிறவு வெட்டவெளியில்
ஆடிமாதச் சோளகம் முகத்துக்கு நேரே நின்று
மூன்று வீதம் கறந்துவிடும்.
அதையும் கழித்தேன்.
நான் மருந்துக்கடைக்காரி,
மில்லிகிராமில் பார்த்துப் பழகிய கண்.

எங்களுடையது பழைய லீஃப்.
ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்த பற்றரி,
பன்னிரண்டு கோட்டில் எட்டுத்தான் மிச்சம்.
வாங்கிய நாளிலிருந்து எங்கள் நாடு
ஒரு வட்டமாய்ச் சுருங்கிப் போனது.
காரைநகர் போகலாம், பருத்தித்துறை போகலாம்,
கீரிமலையில் முழுகிவிட்டு வந்து
மத்தியானச் சோறு தின்னலாம்.
கிளிநொச்சியிலும் வவுனியாவிலும்
வேகச் சார்ஜர் வந்தபோது
வட்டத்துக்கு ஒரு வால் முளைத்தது.
ஒட்டுசுட்டான் மட்டும் வெளியே கிடந்தது.

அங்கேதான் இவருடைய தமையன் நவநீதன்.
ஏழு வருடம் பேச்சில்லை.
கிணற்றில் அரைப் பங்கா கால் பங்கா,
உறுதியில் ஒரு எழுத்து விளங்கவில்லை.
நொத்தாரிசும் செத்துப்போனார்.
"ஒருக்கால் போவமே" என்பேன்.
இவர் போனில் தூரத்தைத் தட்டிப் பார்த்து,
"போகலாம். திரும்ப ஏலாது" என்பார்.
கிளிநொச்சியிலிருந்து போய்வர
நூற்றெட்டுக் கிலோமீற்றர்.
சரியான கணக்கோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

போன மாதம் மாங்குளத்தில் ஒன்று திறந்தார்கள்,
கொத்துரொட்டிக் கடைக்குப் பின்னால்.
நான் வாய் திறக்கவில்லை.
கோட்டில் மாங்குளத்தைப் புள்ளியிட்டு
கிழக்கே இருபத்தைந்து என்று எழுதி
சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தேன்.
மூன்று நாள் அது அப்படியே கிடந்தது.
நாலாம் நாள் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்,
இவருடைய நீலப் பேனை.

முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம்.
கச்சான் வாங்கினோம்.
எல்லா வாகனமும் தானாய் நிற்கிற இடத்தில்
ஏன் ஒருவரும் சார்ஜர் வைக்கவில்லை என்றேன்.
இவர் சிரிக்கவில்லை.
கச்சான் கோதைக்கூட உடைக்கவில்லை.

கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணி நேரம் ஏற்றியதால்
மாங்குளத்தில் பதினொன்று மிஞ்சியது.
இருந்தது ஒரே வயர்.
அதில் குருநாகல் பெடியன் ஒருவனின் கார்.
எழுபத்திரண்டில் கழற்றித் தந்தான்,
யாழ்ப்பாணத்துக்கு இது காணும் என்று
விரல்களால் காட்டி.

செருகினேன். இயந்திரம் மிக்ஸிபோல் இரைந்தது.
எண்பதாக அரை மணித்தியாலம் என்று
ரொட்டிக்குச் சொல்லிவிட்டுக்
கை கழுவப் போனேன்.
வந்து பார்த்தால்
வயர் கொளுவியில் தொங்குகிறது.

முப்பத்தொன்று.

"இது போகத்தான் காணும்."
"ஓம்."
"அங்கே சார்ஜர் இல்லை."
"ஓம்."

தண்ணீர் எடுக்க டிக்கியைத் திறந்தேன்.
கறுத்தக்கொழும்பான் ஒரு பெட்டி,
அந்தக் கிணற்றடி மரத்துக் காய்தான்.
அதற்குக் கீழே, துவாயில் சுற்றி ஒளித்தபடி,
வீட்டுச் சார்ஜர் வயர்.
மூன்று முள் பிளக் மட்டும்
வெளியே எட்டிப் பார்த்தது.
வீட்டு மின்சாரத்தில் நிரம்ப
விடியுமட்டும் எடுக்கும்.

சத்தம் வராமல் டிக்கியைச் சாத்தினேன்.
ரொட்டியைக் கட்டித் தரச் சொன்னேன்,
இரண்டல்ல, நாலு பார்சல்.

கார் கிழக்கே திரும்பியது.
முதல் வளைவில் முப்பது.